நாலு ரிஃபார்மர் வைத்து பிலாட்டீஸ் ஸ்டுடியோ: ஒரு வகுப்புக்கு எவ்வளவு வாங்குவது?

கோவைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். கோவை சாய்பாபா காலனியில் பிலாட்டீஸ் ஸ்டுடியோ திறக்கப் போகிறேன். முதல் மாடியில் ஒரு ஹால், நாலு ரிஃபார்மர் (ஸ்பிரிங் இழுவையில் நகரும் பலகை உள்ள பிலாட்டீஸ் கருவி), அதே பயிற்சிக்கான ஒரு சேர், ஒரு பேரல். எல்லாம் வந்து இறங்கிவிட்டது. போர்டுகூட ரெடி. விலைப் பட்டியலை மட்டும் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

மாதச் செலவு இது. வாடகை 60,000. டிரெய்னர் இருவர், ஒருவருக்கு 35,000, இன்னொருவருக்கு 25,000 (நானும் வகுப்பு எடுப்பேன்). சுத்தம் செய்ய வரும் அக்காவுக்கு 8,000. ஏசியோடு சேர்த்து கரண்ட் பில் 12,000 வரலாம். இன்டர்நெட், போன், புக்கிங் ஆப் எல்லாம் 4,000. சில்லறைச் செலவு 5,000. ஆக மொத்தம் 1,49,000.

காலையில் 5 பேட்ச், மாலையில் 4 பேட்ச், மாதம் 26 நாள். பேட்சுக்கு நாலு பேர் என்றால் 936 இடம். வகுத்துப் பார்த்தால் ஒரு இடத்துக்கு 160 ரூபாய்தான் அடக்கம். அதனால் 400 ரூபாய் வைத்தால் போதும் என்று நினைக்கிறேன். பாதி இடம் நிரம்பினாலே 1,87,000 வந்துவிடுகிறது.

பக்கத்துத் தெருவில் ஒரு யோகா ஹாலில் பிலாட்டீஸ் என்று போட்டு மாதம் 3,000 வாங்குகிறார்கள். ரேஸ் கோர்ஸ் பக்கம் விசாரித்தால் ஒரு வகுப்பே 900 என்கிறார்கள். வீட்டில், "முதலில் குறைச்சு வை, கூட்டம் சேரட்டும், அப்புறம் ஏத்திக்கலாம்" என்கிறார்கள். ஸ்டுடியோ நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஈரோட்டு வியாபாரி

வீட்டில் சொல்வது சரிதான் தங்கச்சி. நான் பிலாட்டீஸ் பார்த்ததில்லை, ஜவுளி வியாபாரம். ஆனால் கடை எதுவாக இருந்தாலும் முதல் ஆறு மாதம் ஆள் பழக வேண்டும். கோவைக்காரர்கள் கணக்குப் பார்ப்பவர்கள். 400-ஐ 350 ஆக்கினால்கூடத் தப்பில்லை. கூட்டம் வந்துவிட்டால் லாபம் தானாக வரும். விலையைக் கேட்டே திரும்பிப் போனவர் மறுபடி படி ஏற மாட்டார்.

அண்ணாநகர் அக்கா

சென்னையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ நடத்துகிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். 400-க்குத் திறந்தால் இது கட்டுபடியாகாது. அதை இப்போதே சொல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே மனசு கேட்காது.

முதலில் 936-ஐ மறந்துவிடுங்கள். அது சுவரில் ஒட்டும் டைம்டேபிளுக்கான எண், வரவுக்கான எண் இல்லை. உங்கள் ஊரிலும் கதை இப்படித்தான் இருக்கும். காலை 6 மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஓரளவு வருவார்கள். 7 மணி பேட்சில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுப் பெண்கள் யாரும் இருக்க மாட்டார்கள், டிபன் பாக்ஸ் கட்டும் நேரம். ஸ்கூல் வேன் போன பிறகு, ஒன்பதேகாலுக்கு ஒரு பேட்ச் வைத்துப் பாருங்கள், அதுதான் முதலில் நிரம்பும். 11 மணியும் மாலை 4 மணியும் காற்று வாங்கும். மாலை 6, 7 நிரம்பும். இத்தனைக்கும் மேலே ஏப்ரல், மே லீவில் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். தீபாவளி வாரம் யாரும் வர மாட்டார்கள். மார்கழியில் காலை பேட்ச் இளைக்கும். தை பிறந்ததும் கல்யாணப் பெண்கள் வருவார்கள், மூன்று மாதம் வந்து முகூர்த்தத்தோடு நின்றுவிடுவார்கள். இந்த ஏற்ற இறக்கத்தை எல்லாம் சேர்த்து வருடச் சராசரி பார்த்தால், புது இடத்தில் 936-க்கு 420 நிரம்பினால் அது நல்ல நடப்பு. நான் 420 வைத்துக் கணக்குப் போடுகிறேன்.

அடுத்து, உங்கள் செலவுப் பட்டியலில் மூன்று பேரைக் காணோம்.

ஒன்று, நீங்கள். உங்களுக்குச் சம்பளமே இல்லை. நீங்கள் எடுக்கும் வகுப்புகளை வேறொருவர் எடுத்தால் காசு கொடுக்க மாட்டீர்களா? நாளைக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைக்குப் பரீட்சை என்று ஒரு மாதம் ஒதுங்கினால் அந்த இடத்தில் ஆள் போட வேண்டுமே. குறைந்தது 50,000 எழுதுங்கள்.

இரண்டு, கருவி. நாலு ரிஃபார்மரும் மற்றதும் சேர்ந்து ஒரு 12 லட்சம் ஆகியிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன், உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு வருடம் உழைக்கும் என்றால் மாதம் 16,700 எடுத்து வைக்க வேண்டும். அதோடு ஸ்பிரிங், கயிறு, சக்கரம். ஸ்பிரிங்கை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது பொதுவான வழக்கம். வாரம் ஒரு நாள் ஸ்பிரிங்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். இழுக்காமல் இருக்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும். எங்காவது நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தாலோ, கொக்கி பக்கம் வளைந்திருந்தாலோ அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். அதன் மேல் ஒரு ஆள் படுத்துக் காலால் தள்ளுகிறார் என்பதை மறக்கக் கூடாது. 350 ரூபாய்க்கு வகுப்பு நடத்துகிறவர் எந்தச் செலவை முதலில் தள்ளிப் போடுவார் என்று நினைக்கிறீர்கள்? இதைத்தான். அதனால் மாதம் 3,500 இதற்கென்று தனியாக.

மூன்று, வரி. வாடகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும், 10,800. இதை இங்கே இருக்கும் ஆடிட்டர் யாராவது நன்றாக விளக்குவார்கள்.

இப்போது கூட்டுங்கள். 1,49,000 + 50,000 + 16,700 + 3,500 + 10,800. மொத்தம் 2,30,000. இதை 420-ஆல் வகுத்தால் ஒரு இடத்துக்கு அடக்கம் 548 ரூபாய். 300 இடம்தான் நிரம்புகிறது என்றால் 767. நல்ல சீசனில் 550 நிரம்பினால் 418. அதாவது, ஓஹோவென்று ஓடும் மாதத்தில்கூட உங்கள் 400 அடக்க விலையைத் தொடவில்லை. முதலுக்கே மோசம்.

ஈரோட்டு அண்ணன் சொல்வதற்கும் வருகிறேன். ஜவுளியில் இன்றைக்கு விற்காத துணியை ஆடித் தள்ளுபடியில் விற்கலாம், கூட்டம் வந்தால் இன்னொரு பேல் இறக்கலாம். இங்கே இன்று காலை 7 மணிக்குக் காலியாக இருந்த ரிஃபார்மரை நாளைக்கு விற்க முடியாது. கூட்டம் வந்தால் ஐந்தாவது ரிஃபார்மர் போட ஹாலில் இடமும் கிடையாது. குறைந்த விலையில் முட்டி மோதிக் கூட்டம் வந்தால், அது மாலை 6 மணிக்குத்தான் வரும். அந்த நாலு இடத்தை 350-க்குக் கொடுத்துவிட்டு, 700 கொடுக்கத் தயாராக இருப்பவரிடம் "இடமில்லைங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

பக்கத்து யோகா ஹாலோடு ஒப்பிடவே வேண்டாம். பிலாட்டீஸ் என்ற பெயருக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே நியூயார்க்கில் ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது அந்த ஊர்த் தீர்ப்பு, ஆனால் நடைமுறையில் எங்கேயும் அதே நிலைதான், யார் வேண்டுமானாலும் போர்டில் போட்டுக்கொள்ளலாம். அங்கே 25 பேர் பாய் விரித்துச் செய்கிறார்கள், ஒரு டிரெய்னர், செலவு ஒரு ஸ்பீக்கர். அதில் தப்பில்லை. ஜோசப் பிலாட்டீஸ் 1945-இல் போட்ட புத்தகத்தில் இருக்கும் 34 பயிற்சிகளும் பாயில் செய்வதுதான். ஆனால் நாலு பேருக்கு ஒரு டிரெய்னர் நின்று, ஒவ்வொருவர் இடுப்புக்கும் ஸ்பிரிங் மாற்றிக் கொடுப்பது வேறு வேலை. முழுமையான பயிற்சி முடித்த டிரெய்னர் என்றால் 450 மணி நேரத்துக்கு மேல் படித்துப் பழகி வந்தவர். அவருக்கு நியாயமான சம்பளம் கொடுக்காவிட்டால் ஆறே மாதத்தில் வேறு இடம் பார்த்துக்கொள்வார், அவரோடு பாதி வாடிக்கையாளரும் போய்விடுவார்கள்.

என் கருத்து: சராசரியாக ஒரு இடத்துக்கு 600 ரூபாய்க்குக் கீழே இறங்கக் கூடாது.

கோவைக்காரி

அக்கா, மிக்க நன்றி. என் சம்பளத்தை எழுதாததை என் தம்பியும் கேட்டான், "முதல் வருஷம் எதுக்குச் சம்பளம்" என்று நான்தான் விட்டுவிட்டேன். ஆனால் ஒரு பயம். இங்கே எல்லோரும் கேட்பது "மாசம் எவ்வளவு" என்றுதான். ஒரு வகுப்பு 600 என்றால், மாதம் 12 வகுப்புக்கு 7,200. ஜிம்மில் 1,500-க்கு மாதம் முழுக்கப் போகலாமே என்று கேட்பார்கள். என்ன பதில் சொல்வது?

இன்னொன்று, எங்கள் ஓனர் ஜிஎஸ்டி பதிவு எடுக்கவில்லை. அப்போது அந்த 10,800 வராது இல்லையா?

வரிக்கணக்கு

ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். கடைசிக் கேள்விக்குப் பதில்: வரும்.

சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் நீங்கள் ஜிஎஸ்டி பதிவு எடுத்தாக வேண்டும். 420 இடம், 600 ரூபாய் என்றால் வருடத்துக்கு 30 லட்சம். ஆகவே பதிவு கட்டாயம். நீங்கள் பதிவு பெற்றவர், ஓனர் பதிவு இல்லாதவர் என்றால், 10 அக்டோபர் 2024 முதல் கடை வாடகைக்கான 18 சதவீதத்தை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். ஓனர் பதிவு பெற்றவர் என்றால் அவர் பில்லிலேயே அந்த 18 சதவீதம் இருக்கும். எப்படிப் பார்த்தாலும் உங்கள் கையிலிருந்துதான் போகிறது.

சரி, கட்டியதைத் திரும்ப எடுக்கலாமே என்று கேட்பீர்கள். முன்பு எடுக்கலாம். ஜிம், யோகா, ஃபிட்னஸ் சென்டர் சேவைகளுக்கு அப்போது 18 சதவீதம் வரி, இன்புட் கிரெடிட் உண்டு. 22 செப்டம்பர் 2025 முதல் அதை 5 சதவீதமாகக் குறைத்தார்கள், ஆனால் இன்புட் கிரெடிட் கிடையாது. வாடிக்கையாளருக்கு இது நல்ல செய்தி. உங்களுக்கு, வாடகை மேல் கட்டும் வரி, ரிஃபார்மர் வாங்கும்போது கட்டும் வரி எல்லாம் அடக்கத்தில் ஏறிவிடுகிறது. பழைய 18 சதவீதக் காலத்து விலைப் பட்டியலைப் பார்த்து விலை போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இன்னொரு வழி இருக்கிறது. சேவைத் தொழிலில் 50 லட்சம் வரை வரவு உள்ளவர்கள் காம்போசிஷன் திட்டத்தில் போகலாம். வரவில் 6 சதவீதம் நீங்களே கட்ட வேண்டும், பில்லில் வரி என்று தனியாக வாங்கக் கூடாது. ஆனால் காம்போசிஷனில் இருப்பவருக்கு, பதிவு இல்லாத ஓனரிடம் எடுத்த கடை வாடகை மேல் அந்த ரிவர்ஸ் சார்ஜ் இல்லை. உங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள். வரி உட்பட சராசரி 620 ரூபாய், 420 இடம், மாத வரவு 2,60,400. சாதாரண முறையில் அதற்குள் இருக்கும் வரி 12,400, வாடகை மேல் 10,800, சேர்த்து 23,200. காம்போசிஷனில் 15,624. மாதம் ஏழாயிரத்துச் சொச்சம் மிச்சம். ஓனர் பதிவு பெற்றவராக இருந்தால் இந்த மிச்சம் காணாமல் போய்விடும். ஆக உங்கள் விலை உங்கள் ஓனரின் ஜிஎஸ்டி நிலையையும் பொறுத்தது.

முன்கூட்டியே சொல்கிறேன், கமிஷனுக்கு ஆள் அனுப்பி வாடிக்கையாளரிடம் தாங்களே பணம் வசூலிக்கும் ஆப் மூலம் இடம் விற்கப் போகிறீர்கள் என்றால் காம்போசிஷன் கிடைக்காமல் போகலாம். கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஆடிட்டரிடம் வாடகை ஒப்பந்தத்தையும் காட்டிக் கேளுங்கள்.

விலை எழுதும்போது வரி உட்பட ஒரே எண்ணாக எழுதுங்கள். 590 என்று போட்டுவிட்டு பில் போடும் நேரத்தில் "ஜிஎஸ்டி தனி மேடம்" என்றால் முகம் மாறிவிடும்.

பாசிர் ரிஸ் டிரெய்னர்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், இங்கே ஸ்டுடியோக்களில் வகுப்பு எடுக்கிறேன். "மாசம் எவ்வளவு" என்ற கேள்விக்காக "மாதம் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம்" என்று ஒரு பிளான் போட்டுவிடாதீர்கள். நாலு ரிஃபார்மர் இடத்துக்கு அது விஷம்.

பல ஸ்டுடியோக்களின் வகுப்புகளை ஒரே மாதச் சந்தாவில் விற்கும் கிளாஸ்பாஸ் கம்பெனியின் கதையைப் பாருங்கள். 2014 வாக்கில் அமெரிக்காவில் மாதம் 99 டாலருக்கு அளவில்லா வகுப்பு என்றார்கள். மக்கள் கொண்டாடினார்கள். ஆனால் ஒவ்வொரு வருகைக்கும் ஸ்டுடியோவுக்கு அவர்கள் பணம் கொடுக்க வேண்டும். ஒருவர் அதிகம் வர வர நஷ்டம். நியூயார்க்கில் விலையை ஏற்றிப் பார்த்தார்கள், 2016-இல் 190 டாலர் வரைக்கும் போனது. அதே வருடக் கடைசியில் அளவில்லா பிளானையே தூக்கிவிட்டார்கள். இப்போது கிரெடிட் முறை, நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப வேறு வேறு விலை. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே தாங்கவில்லை.

ஜிம்மில் அளவில்லா பிளான் ஓடுவதற்குக் காரணம், பணம் கட்டியவர்களில் பலர் வருவதில்லை. டிரெட்மில்லில் யார் ஏறினாலும் தனியாக ஒரு டிரெய்னர் நிற்க வேண்டியதில்லை. உங்கள் இடத்தில் அளவில்லா பிளான் எடுப்பவர் வாரம் ஆறு நாளும் மாலை 6 மணிக்கு முன்பதிவு செய்து வைப்பார், மூன்று நாள் வருவார். மற்றவர்களுக்கு இடம் கிடைக்காது.

மாதக் கணக்கில் கேட்பவர்களுக்கு மாதக் கணக்கிலேயே பதில் சொல்லுங்கள், ஆனால் எண்ணிக்கையோடு. வாரம் இரண்டு முறை என்றால் மாதம் 8 வகுப்பு, வாரம் மூன்று முறை என்றால் 12. "மாசம் 5,200-ங்க, வாரம் ரெண்டு நாள்" என்று சொன்னால் கேட்பவருக்கும் புரிகிறது, உங்களுக்கும் கணக்கு கைக்குள் இருக்கிறது.

ஆப்கள் பற்றி ஒரு வார்த்தை. காலியாக இருக்கும் 11 மணி, 4 மணி இடங்களை மட்டும் கொடுங்கள். மாலை 6 மணியைக் கொடுத்தால், உங்களிடம் முழு விலை கொடுத்து வருபவரே ஆப் வழியாகப் பாதி விலைக்கு வர ஆரம்பிப்பார்.

கோவைக்காரி

காம்போசிஷன் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. ஆப்பில் சேர இரண்டு பேர் ஏற்கெனவே போன் செய்தார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்துக்கொள்கிறேன். நாளைக்கே ஓனரையும் ஆடிட்டரையும் பார்க்கிறேன்.

திருச்சி வாசகி

நான் ஸ்டுடியோ நடத்தவில்லை, பணம் கட்டிப் போகிறவள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு முதுகுவலி, டாக்டர் சொல்லி பிலாட்டீஸ் சேர்ந்தேன். வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். விலையைவிட விதிகள்தான் எங்களை விரட்டுகிறது.

முன்பு போய்க்கொண்டிருந்த ஒரு இடத்தில் 10 வகுப்பு பேக் வாங்கினேன், 30 நாளில் முடிக்க வேண்டுமாம். சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல், பத்து நாள் போக முடியவில்லை. மீதி வகுப்புகள் போய்விட்டன. கேட்டால் சுவரில் ஒட்டிய தாளைக் காட்டினார்கள். மறுபடி அந்தப் படி ஏறவில்லை, நாலு தோழிகளிடமும் சொல்லிவிட்டேன்.

இப்போது போகும் இடத்தில் விலை அதிகம்தான். ஆனால் 8 வகுப்புக்கு 6 வாரம் தருகிறார்கள், உடம்பு சரியில்லை என்றால் வருடத்தில் ஒரு முறை இரண்டு வாரம் நிறுத்தி வைக்கலாம். 12 மணி நேரம் முன்பு சொன்னால் வகுப்பு திரும்பக் கிடைக்கும், அதற்குப் பிறகு சொன்னால் போச்சு. அது நியாயம். எனக்காக ஒரு இடத்தை வைத்துக் காத்திருந்தார்கள் இல்லையா? வெயிட்டிங்கில் இருப்பவருக்கு உடனே மெசேஜ் போகிறது, அந்த இடம் வீணாவதும் இல்லை.

அம்மாக்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயம். 50 ரூபாய் குறைப்பதைவிட இது முக்கியம்.

அண்ணாநகர் அக்கா

திருச்சி சகோதரி சொன்னதைச் சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம். வாங்கிய பேக்கை முடிக்காமல் விடுகிறவர்களின் பணத்தை லாபம் என்று நினைத்து விலை போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்த லாபம் அடுத்த வருடம் இருக்காது. முடிக்காதவர் மறுபடி வாங்க மாட்டார்.

ஆனால் காலக்கெடு இல்லாமலும் விடாதீர்கள். கெடுவே இல்லை என்றால் ஆறு மாதம் கழித்து எல்லோரும் ஒரே நாளில் வந்து நிற்பார்கள், பழைய விலையில். 8 வகுப்புக்கு 6 வாரம், 12 வகுப்புக்கும் 6 வாரம் சரியாக வரும்.

பிசியோ மதுரை

சுருக்கமாக ஒன்று. டாக்டர் அனுப்பி வரும் முதுகுவலி, முழங்கால் கேஸ்களை நேராக நாலு பேர் பேட்சில் போடாதீர்கள். முதலில் தனியாக ஒரு அமர்வு, உடம்பை முழுக்கப் பார்த்து எழுதி வைக்க ஒரு மணி நேரம். அதற்குத் தனி விலை வையுங்கள், இலவசம் என்று சொல்ல வேண்டாம். இலவசமாகப் பார்த்ததை யாரும் மதிப்பதில்லை, டிரெய்னரும் அவசரமாக முடிப்பார். "சிகிச்சை" என்ற சொல்லை விலைப் பட்டியலில் போடாதீர்கள். அது பிசியோதெரபிஸ்ட் வேலை. உங்கள் ஊரில் நல்ல பிசியோ ஒருவரோடு பழகி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் ஆள் அனுப்பிக்கொள்ளலாம்.

ஈரோட்டு வியாபாரி

அண்ணாநகர் அம்மா போட்ட கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தேன். 400-க்குத் திறக்கக் கூடாது, அது சரி. ஆனால் திறப்பு விழாச் சலுகை என்று எதுவுமே இல்லாமல் எப்படி? புது ஆள் உள்ளே வந்து பார்க்க ஒரு காரணம் வேண்டுமே. அந்த மிஷினைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது, 600 கொடுத்து யார் ஏறிப் பார்ப்பார்கள்?

அண்ணாநகர் அக்கா

நல்ல கேள்வி அண்ணா. சலுகை வேண்டும், ஆனால் விலையில் கை வைக்காத சலுகையாக இருக்க வேண்டும். "50 சதவீதம் தள்ளுபடி" என்று போட்டால் மனதில் பதிவது பாதி விலைதான். பிறகு முழு விலை வாங்கும்போது "விலையை ஏத்திட்டாங்க" என்பார்கள்.

அதற்குப் பதிலாக, புதியவர்களுக்கு மட்டும் மூன்று வகுப்பு 1,200 ரூபாய், ஒருவருக்கு ஒரே ஒரு முறை, இரண்டு வாரத்துக்குள். மூன்று ஏன் என்றால், முதல் வகுப்பில் கால் எங்கே வைப்பது, கேரேஜ் (படுக்கும் பலகை) நகர்ந்தால் விழுந்துவிடுவோமா என்ற யோசனையிலேயே நேரம் போய்விடும். இரண்டாவதில் மூச்சு பிடிபடும். மூன்றாவது முடிந்து மறுநாள் எழும்போதுதான் முதுகு நிமிர்ந்திருப்பது தெரியும். ஒரே ஒரு டெமோ கொடுத்து அனுப்பினால் பயத்தோடு போய்விடுவார்கள்.

அதோடு, முதலில் சேரும் 20 பேருக்கு ஒரு வருடம் விலை ஏறாது என்று எழுதிக் கொடுங்கள். ஒரு வருடம் மட்டும். "ஆயுளுக்கும்" என்று உற்சாகத்தில் சொல்லிவிட்டு வாடகை ஏறும்போது திண்டாடுகிறவர்கள் உண்டு. உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று ஏற்றம் இருக்கும் இல்லையா, விலையையும் அதே மாதத்தில் வருடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் ஏற்றுங்கள். ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள், கையில் இருக்கும் பேக்குகள் பழைய விலையிலேயே ஓடட்டும். மூன்று வருடம் ஏற்றாமல் இருந்துவிட்டு ஒரே அடியாக 200 ஏற்றினால்தான் சண்டை வரும்.

தனி வகுப்பு விலைக்கு ஒரு வழி சொல்கிறேன். நிரம்பும் ஒரு பேட்சில் நாலு பேர், ஆளுக்கு 620 என்றால் 2,480. மாலை 6 மணிக்கு ஹாலை ஒருவருக்கே கொடுத்தால் 2,480-க்குக் குறையக் கூடாது. பகல் 11 மணிக்கு ஹால் காலியாகத்தான் இருக்கிறது, டிரெய்னர் சம்பளம் ஏற்கெனவே போகிறது, அப்போது 1,600-க்குக் கொடுக்கலாம். ஒரே தனி வகுப்புக்கு நேரத்தைப் பொறுத்து இரண்டு விலை. கேட்பவரிடம் இதே காரணத்தைச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வயதானவர்கள், ரிட்டயர் ஆனவர்கள் பகல் நேரத்துக்கு மகிழ்ச்சியாக வருவார்கள். அவர்களுக்கென்றே பகல் பேக் ஒன்று வையுங்கள்.

கோவைக்காரி

எல்லோருடைய பதிலையும் வைத்து உட்கார்ந்து எழுதினேன். ஓனர் பதிவு எடுக்கவில்லை என்பது உறுதி, ஆடிட்டரும் காம்போசிஷனே போகலாம் என்கிறார். பட்டியல் இது, எல்லாம் முழு விலை:

புதியவர்களுக்கு 3 வகுப்பு 1,200
ஒரு வகுப்பு மட்டும் 800
மாதம் 8 வகுப்பு 5,200, 6 வாரத்துக்குள்
மாதம் 12 வகுப்பு 7,200, 6 வாரத்துக்குள்
பகல் பேக் 8 வகுப்பு 4,000, காலை 11 மற்றும் மாலை 4 மட்டும்
முதல் தனி அமர்வு 1,500
தனி வகுப்பு பகலில் 1,600, மற்ற நேரம் 2,500

இரண்டு சந்தேகம். பகல் பேக் ஒரு வகுப்பு 500 ஆகிறது, அடக்க விலை 548-க்குக் கீழே போகிறதே, பரவாயில்லையா? அப்புறம் சொந்தக்காரர்கள். எங்கள் பெரியம்மா மகள்கள் மூன்று பேர் இப்போதே "எங்களுக்கு எவ்வளவு போடுவே" என்று கேட்கிறார்கள்.

அண்ணாநகர் அக்கா

பட்டியல் நன்றாக இருக்கிறது. பகல் பேக் பரவாயில்லை. அந்த இடம் எப்படியும் காலி, அதற்காக வாடகையோ சம்பளமோ கூடப் போவதில்லை. ஆனால் பகல் பேக் வைத்திருப்பவர் "இன்னைக்கு மட்டும் 6 மணிக்கு வரட்டுமா" என்றால் வித்தியாசத்தை வாங்கிக்கொண்டு அனுமதியுங்கள். ஒரு முறை சும்மா விட்டால் அதுவே வழக்கமாகிவிடும். மூன்று மாதம் கழித்து எண்ணிப் பாருங்கள், மொத்த வருகையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் பகல் பேக்காக இருந்தால் சராசரி 600-க்குக் கீழே இறங்க ஆரம்பிக்கும். அப்போது பகல் விலையை ஏற்றாதீர்கள், பகல் பேக் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள்.

சராசரி 620-இல் 350 இடம்தான் நிரம்பியது என்றால் உங்கள் சம்பளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும். முதல் சில மாதம் அப்படித்தான் போகும், அதற்கு மூன்று மாதச் செலவைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு திறங்கள்.

சொந்தக்காரர்களுக்கு விலையைக் குறைக்காதீர்கள் மா. நாலு ரிஃபார்மரில் மூன்றில் அக்காக்கள் படுத்திருந்தால் விலைப் பட்டியலுக்கே அர்த்தமில்லை. புதியவர் சலுகை மூன்று வகுப்பை அவர்களுக்கு உங்கள் சார்பில் பரிசாகக் கொடுங்கள், அதற்கு மேல் எல்லோருக்கும் உள்ளதுதான். உறவு என்றால் 11 மணிக்கு வரச் சொல்லுங்கள், பகல் பேக் இருக்கிறதே.

வரிக்கணக்கு

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பேக் விற்று வாங்கும் பணம் முன்பணம். சேவைக்கு முன்பணம் வாங்கினால் வாங்கிய தேதியிலேயே வரிப் பொறுப்பு வந்துவிடுகிறது, வகுப்பு எப்போது நடந்தாலும் சரி. காம்போசிஷனில் காலாண்டுக்கு ஒரு முறை கட்ட வேண்டும். அதனால் பேக் பணம் ஜிபேயில் வந்து விழுந்ததும் 6 சதவீதத்தை வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மீதியிலும், நடத்தி முடித்த வகுப்புகளுக்கான தொகையை மட்டும் மாதக் கடைசியில் செலவுக்கு எடுங்கள். திறந்த முதல் மாதத்தில் 30 பேர் பேக் வாங்கி ஒன்றரை லட்சம் நிற்கும்போது அது எல்லாம் வருமானம் மாதிரி தெரியும். அதில் பாதிக்கு நீங்கள் இன்னும் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கும். யாராவது ஊர் மாற்றிப் போகிறேன், மீதியைக் கொடுங்கள் என்றால் கொடுக்கவும் அந்தக் கணக்கில் பணம் இருக்கும்.

கோவைக்காரி

தனிக் கணக்கு நாளைக்கே திறக்கிறேன். பெரியம்மா மகள்களிடம் 11 மணி என்று சொல்லிவிட்டேன், இரண்டு பேர் சரி என்றார்கள்.